நிக்கோடெமஸ்: புகை மட்டும் தெரிந்த ஊர்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் நிக்கோடெமஸ் என்று இருபது பேர்கூட இல்லாத ஒரு கிராமத்தை அரசாங்கம் தேசிய வரலாற்றுத் தலமாக வைத்துப் பராமரிக்கிறதாமே, அப்படி என்ன இருக்கிறது அங்கே? ரயில் வராததால் அழிந்துபோன ஊர் என்கிறார்களே, அது உண்மையா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரயில் வராததால் அழிந்தது கடைத்தெரு. ஊர் அழியவில்லை. இந்த ஊரைப் பற்றி எழுதுகிற பலரும் "ரயில் வரவில்லை, ஊர் செத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தால் இன்றும் அங்கே விளக்கு எரிவது ஏன் என்பதற்குப் பதில் கிடைக்காது. பதில் ஊருக்குள் இல்லை, ஊரைச் சுற்றியிருந்த விளைநிலத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இடம் எது என்று பார்த்துவிடலாம். கான்சஸின் வடமேற்கில் கிரஹாம் கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 24ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் இருபக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமையும் சோளமும் மேய்ச்சல் புல்லும்தான். மரம் என்று ஏதாவது தெரிந்தால் அங்கே ஓடை ஓடுகிறது என்று அர்த்தம். சாலமன் ஆற்றின் தென்கிளை பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆறு என்பது பல மாதங்களில் பெயரளவுக்குத்தான். அமெரிக்க வரைபடத்தில் 100 பாகை மேற்குத் தீர்க்கரேகை என்று ஒரு கோடு உண்டு. அதற்கு மேற்கே வருடத்துக்கு 20 அங்குல மழை கிடைப்பதே பெரும்பாடு, அதை நம்பி விவசாயம் செய்கிறவன் சூதாடுகிறான் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிக்கோடெமஸ் அந்தக் கோட்டுக்குச் சற்றே கிழக்கே, விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. நம் வார்த்தையில் சொன்னால் சுத்தமான மானாவாரி, வானம் பார்த்த பூமி.

இப்படிப்பட்ட இடத்துக்கு 1877இல் கென்டக்கியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பதுதான் கதையின் கரு.

கென்டக்கி ஒரு விசித்திரமான மாநிலம். அடிமை முறை இருந்தது, ஆனாலும் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களோடு சேர்ந்து பிரிந்து போகவில்லை. அதனால் லிங்கன் 1863இல் கொண்டுவந்த விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தவே இல்லை, அது பிரிந்து போன மாநிலங்களுக்கு மட்டும்தான். கென்டக்கி அடிமைகளுக்குச் சட்டப்படி விடுதலை கிடைத்தது 1865 டிசம்பரில், அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் வந்த பிறகு. அந்தத் திருத்தத்தைக் கென்டக்கிச் சட்டமன்றம் அப்போது நிராகரித்தது. பெயருக்காவது ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? 1976இல். அதே 1976இல்தான் நிக்கோடெமஸ் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, தற்செயல்தான், ஆனாலும் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பழைய எஜமானின் நிலத்திலேயே கூலிக்கோ வாரத்துக்கோ உழைக்க வேண்டியதுதான். விளைச்சலில் பங்கு, விதைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடன், கணக்குப் பார்க்கிறபோது கையில் ஒன்றும் மிஞ்சாது. கூடவே இரவில் முகமூடி போட்டுக்கொண்டு வருகிற கும்பல்களின் பயம் வேறு. போருக்குப் பிறகு தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரின் உரிமைக்குக் காவலாக நிறுத்தியிருந்த மத்தியப் படைகள் 1877 ஏப்ரலோடு விலக்கிக்கொள்ளப்பட்டன. அதே ஏப்ரல் 18ஆம் தேதி கான்சஸில் நிக்கோடெமஸ் டவுன் கம்பெனி என்று ஒன்று பதிவானது. தலைவர் டபிள்யூ. ஹெச். ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியார். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்காரர், தொழில் மனை வியாபாரம். கம்பெனியில் ஏழு பேர், ஆறு பேர் கறுப்பினத்தவர், ஹில் ஒருவர்தான் வெள்ளையர்.

ஊர்ப் பெயர் பைபிளில் வருகிற நிக்கொதேமுவின் பெயர்தான் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஊரார் சொல்கிற கதை வேறு: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கிய ஒரு நிக்கோடெமஸ் இருந்தானாம், அவன் பெயர் இது என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

துண்டறிக்கை அடித்துக் கென்டக்கியின் கறுப்பினத் தேவாலயங்களில் கொடுத்தார்கள். ஊருக்குள் மனை ஐந்து டாலர். ஊருக்கு வெளியே அரசாங்க நிலம், அதுதான் பெரிய ஈர்ப்பு. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி சில டாலர் கட்டணம் கட்டி 160 ஏக்கரைப் பதிவு செய்துகொள்ளலாம், ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது பயிரிட்டுக் காட்டினால் பட்டா உங்கள் பெயருக்கு. 160 ஏக்கர்! முந்தின தலைமுறை வரை தானே இன்னொருவனுடைய சொத்தாகப் பதிவேட்டில் இருந்த ஒரு மனிதனுக்கு, தன் பெயரில் ஒரு பட்டா என்பது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாம் "சொந்தக் காணி" என்று சொல்கிறபோது குரலில் ஒரு கனம் வருமே, அதைவிடப் பல மடங்கு.

சரி, வந்து சேர்ந்தார்கள். 1877 ஜூலையில் முதலில் ஒரு சிறு கூட்டம், செப்டம்பரில் லெக்சிங்டன் பக்கத்திலிருந்து பெரிய கூட்டம். ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைதான். அங்கிருந்து வடக்கே 35 மைல், சாலை கிடையாது, வண்டியிலும் நடையாகவும் இரண்டு நாள். அங்கே போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. துண்டறிக்கையில் இருந்த ஊர் துண்டறிக்கையில் மட்டும்தான் இருந்தது. ஹில்லைத் தூக்கில் போடுகிற அளவுக்கு ஆத்திரம் கிளம்பியது என்று ஊர்க்கதை சொல்கிறது. சுமார் அறுபது குடும்பங்கள் வந்த வழியே திரும்பிப் போயின. திரும்பிப் போகக் காசு இல்லாதவர்களும், காசு இருந்தும் கென்டக்கிக்குத் திரும்ப மாட்டேன் என்று உறுதியாக இருந்தவர்களும் தங்கினார்கள். இந்த இரண்டு வகையும் சேர்ந்துதான் ஊர்.

அடுத்த வருடம் 1878 வசந்தத்தில் இன்னொரு கூட்டம், கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து. அதில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண், ஒரு பாதிரியாரின் மனைவி, தன் வயதான காலத்தில் சொன்ன நினைவு பதிவாகியிருக்கிறது. எல்லிஸில் இறங்கியதும் குழந்தைகளுக்குத் தட்டம்மை பரவி, சில குழந்தைகள் அங்கேயே இறந்துவிட்டன. புதைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மான்களும் எருமைகளும் நடந்து உண்டான தடம்தான் பாதை, திசைகாட்டியை வைத்து நடை. இரண்டாம் நாள் ஆண்கள் "அதோ நிக்கோடெமஸ்!" என்று கத்துகிறார்கள். உடம்பு முடியாமல் வண்டியில் இருந்த அவள் ஆவலோடு எழுந்து பார்க்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. எங்கே, எங்கே என்று கணவனைக் கேட்கிறாள். அவன் கைகாட்டிய திசையில் தரையிலிருந்து ஆங்காங்கே புகை வந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகைதான் ஊர். ஜனங்கள் மண்ணுக்கு அடியில் குழி வீடுகளில் இருக்கிறார்கள் என்று புரிந்ததும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் குழி வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பதுங்கு குழி" என்ற மாதிரி ஏதோ ஒரு படம்தான் நம் மனதில் வருகிறது. மரம் இல்லாத தேசத்தில் பலகை வாங்க வேண்டுமானால் ரயிலடிக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும், காசு இல்லை. அதனால் சரிவான மேட்டைத் தேடி உள்ளே குடைவார்கள். பின்சுவரும் பக்கச் சுவர்களும் மண்ணே. முன்பக்கம் மட்டும் வேர்ப் பிடிப்போடு வெட்டியெடுத்த புல்மண் கட்டிகளையோ கல்லையோ அடுக்கி ஒரு கதவு, முடிந்தால் ஒரு சின்ன ஜன்னல். மேலே ஓடைக்கரையில் கிடைத்த கொம்புகளைக் குறுக்கே போட்டு, வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளைப் பரப்பி, அதன்மேல் புல்மண். அடுப்புக் குழாய் ஒன்று தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். குளிருக்கு உண்மையிலேயே நல்ல வீடு, பூமியே கம்பளி போர்த்தியது மாதிரி. ஆனால் மழை பெய்தால் வெளியே நின்ற பிறகும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும், கூரை மண்ணிலிருந்து பாம்பும் விழும். விறகு கிடையாது. காய்ந்த சூரியகாந்தித் தண்டு, வில்லோ குச்சி, புல்வெளியில் கிடக்கிற காட்டெருமைச் சாணம். வறட்டி தட்டி எரித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகையின் வாசனையை விளக்க வேண்டியதில்லை.

வெறுங்கை முழம் போடுமா என்பார்களே, அந்த முதல் வருடம் முழுக்க அதுதான். மொத்தக் குடியேற்றத்துக்கும் மூன்றே மூன்று குதிரைகள் என்று சொல்லப்படுகிறது. பிரெய்ரி என்கிற அந்தப் பரந்த புல்வெளியில் புல்லின் வேர் பல அடி ஆழம் போவது, நூற்றாண்டுகளாகப் பின்னிக் கிடப்பது. அதை முதன்முதலில் உடைப்பதற்கு நல்ல இரும்புக் கலப்பையும் பல ஜோடி மாடும் வேண்டும். இவர்கள் மண்வெட்டியாலும் கொத்தாலும் கொத்தினார்கள். ஆண்கள் எல்லிஸுக்கும் இன்னும் மேற்கே கொலராடோ வரைக்கும் ரயில்வே வேலைக்கு நடந்து போய்க் கூலி அனுப்பினார்கள். முதல் குளிர்காலத்தில் பட்டினியிலிருந்து காப்பாற்றியது, வேட்டை முடிந்து அந்த வழியாகத் திரும்பிய ஓசேஜ் பூர்வகுடிகள் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததுதான் என்று ஊர் நினைவு சொல்கிறது. சில வருடங்களுக்கு முன்புதான் அந்த ஓசேஜ் மக்களையே கான்சஸிலிருந்து தெற்கே விரட்டியிருந்தார்கள். இந்தச் சமவெளியை "காலி நிலம்" என்று அரசாங்கம் பங்கு போட முடிந்ததே அவர்களையும் பானி, கான்சா போன்ற மற்றவர்களையும் அப்புறப்படுத்தியதால்தான். விரட்டப்பட்டவர்கள் தப்பி வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். ஹோம்ஸ்டெட் சட்டத்தைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

அப்புறம் ஊர் மெல்ல எழுந்தது. ஃப்ளெட்சர் என்பவர் தபால் அதிகாரி, விடுதிக்காரர், குதிரை லாயக்காரர் எல்லாம் அவரேதான். அவர் மனைவி ஜென்னி ஃப்ளெட்சர் தன் குழி வீட்டிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கென்டக்கியில் அடிமைக்கு எழுத்துச் சொல்லித்தர யாருக்கும் பெரிதாக அக்கறை இருந்ததில்லை, அதனால் ஊருக்கு வந்ததும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று பள்ளிக்கூடம். கிரஹாம் கவுண்டியின் ஒன்றாம் எண் பள்ளி மாவட்டம் நிக்கோடெமஸ்தான், பக்கத்திலிருந்த வெள்ளைக்கார ஊர்களுடையது அல்ல. அந்த எண் தற்செயல் இல்லை, அவர்கள்தான் முதலில் ஆரம்பித்தார்கள்.

குழி வீடு போய்ப் புல்மண் வீடு, புல்மண் வீடு போய்ச் சுண்ணாம்புக்கல் கட்டடம். அந்தப் பக்கத்தில் வெட்டியெடுக்கக் கல் உண்டு, வெட்டும்போது மிருதுவாக இருந்து காற்றுப்பட்டதும் இறுகுகிற வகை. 1880களின் நடுவில் ஊரில் பலசரக்குக் கடைகள், மருந்துக்கடை, விடுதி, வங்கி, இரண்டு தேவாலயங்கள், 1886இல் ஒரு பத்திரிகை, 1887இல் இன்னொரு பத்திரிகை. முதல் பத்திரிகையின் பெயர் வெஸ்டர்ன் சைக்ளோன், அதாவது மேற்கத்திச் சூறாவளி. சூறாவளி வருகிற தேசத்தில் பத்திரிகைக்கு அந்தப் பெயர் வைக்கிற தெனாவட்டு எனக்குப் பிடிக்கும். கறுப்பினத்தவர் ஊர்தான் என்றாலும் கடைக்காரர்களில் வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள், வியாபாரம் நடக்கிற இடத்தில் தோல் நிறம் பார்க்காமல் கடை போடுகிறவர்கள் எங்கும் உண்டு.

அரசியலும் இருந்தது. எட்வர்ட் மெக்கேப் என்ற இளைஞர் 1878இல் இங்கே வந்து சேர்ந்தார். 1880இல் கவுண்டி முறையாக அமைக்கப்பட்டபோது கவர்னர் அவரைத் தற்காலிகக் கவுண்டி எழுத்தராக நியமித்தார். 1882இல் கான்சஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரி பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். கவனியுங்கள், இது நியமனம் இல்லை, மாநிலம் முழுக்க ஓட்டுப் போடுகிற தேர்தல், ஓட்டுப் போட்டவர்களில் மிகப்பெரும்பாலோர் வெள்ளையர்கள். 1884இல் மறுபடியும் ஜெயித்தார். பின்னாளில் ஓக்லஹோமாவுக்குப் போய் லேங்ஸ்டன் என்ற இன்னொரு கறுப்பின ஊரை உருவாக்குவதில் முன்னின்றார். குழி வீட்டுப் புகையிலிருந்து மாநிலத் தலைநகர் வரைக்கும் ஐந்தே வருடம்.

இனி ரயில் கதை. 1887 மார்ச்சில் மிசூரி பசிபிக் கம்பெனியை ஊருக்கு இழுக்க 16,000 டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிடலாம் என்று டவுன்ஷிப் (கவுண்டிக்குள் ஒரு சிறு நிர்வாகப் பிரிவு) மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். பத்து வருடம் முன்பு சாணம் எரித்துக் குளிர்காய்ந்தவர்களுக்கு 16,000 டாலர் என்பது என்ன தொகை! பத்திரிகை ஒவ்வொரு வாரமும் ரயில் வருகிறது, இதோ வருகிறது என்று எழுதியது. மனை விலை ஏறியது. மிசூரி பசிபிக் கடைசியில் கைவிரித்துவிட்டது. 1888இல் யூனியன் பசிபிக் ஒரு கிளைப்பாதை போட்டது, அதுவும் ஊருக்கு வராமல் ஆற்றுக்குத் தெற்குப் பக்கமாகச் சில மைல் தள்ளிப் போய்விட்டது. தண்டவாளம் போட்ட தொழிலாளர்களின் முகாம் இருந்த இடத்தில் போக் என்று ஒரு புது ஊர் முளைத்தது. நிக்கோடெமஸ் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டு, சிலர் கட்டடத்தையே பெயர்த்து ஆற்றைத் தாண்டி இழுத்துக்கொண்டு, போக்குக்குப் போனார்கள். இரண்டு பத்திரிகைகளும் மூடப்பட்டன.

நிறவெறியால்தான் ரயில் வரவில்லையா என்று கேட்பார்கள். அதை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அதே வருடங்களில் முழுக்க வெள்ளைக்காரர்கள் இருந்த எத்தனையோ பிரெய்ரி ஊர்களும் இப்படியே நட்டாற்றில் விடப்பட்டன. ரயில் கம்பெனிகளுக்கு, ஏற்கெனவே இருக்கிற ஊருக்குப் பாதை போடுவதைவிட, பாதை போட்ட இடத்தில் தங்கள் மனையை விற்றுப் புது ஊர் உண்டாக்குவது லாபம். இரண்டு ஊர்களை மோதவிட்டு யார் அதிகக் கடன்பத்திரம் தருகிறார்கள் என்று பார்ப்பதும் சகஜம்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ரயில் சில மைல் தள்ளிப் போனது கடைக்காரனுக்குச் சாவு. ஆனால் விவசாயிக்கு? ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, கிட்டத்தட்ட 27 கிலோ. ஒரு குதிரை வண்டியில் சுமார் 50 புஷல் ஏற்றலாம். அதை எல்லிஸுக்குக் கொண்டுபோய் விற்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மழை வந்தால் இன்னும் கூட. இப்போது போக்கில் ரயிலடி வந்துவிட்டது, காலையில் வண்டியைப் பூட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம், வரும்போது நிலக்கரியும் உப்பும் வாங்கி வரலாம். நிக்கோடெமஸைச் சுற்றி 160 ஏக்கர் 160 ஏக்கராகப் பட்டா வாங்கி உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு ரயில் நன்மைதான் செய்தது. அவர்கள் எங்கேயும் போகவில்லை. கடை போன பிறகும் தேவாலயம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, தபால் நிலையம் 1953 வரை இருந்தது. 1888இல் கடைகள் போன பிறகு இன்னொரு 65 வருடம் கடிதம் வந்துகொண்டிருந்த ஊரை ரயில் கொன்றது என்று எப்படிச் சொல்வது?

உண்மையான அடி 1930களில் விழுந்தது. முதல் உலகப்போரின்போது கோதுமை விலை புஷலுக்கு இரண்டு டாலரைத் தாண்டியது, எல்லோரும் கடன் வாங்கி இன்னும் புல்வெளியை உழுதார்கள், டிராக்டர் வாங்கினார்கள். போர் முடிந்ததும் விலை விழுந்தது. அப்புறம் பொருளாதார மந்தம், அதோடு வறட்சி, அதோடு மண்புயல். புல் பிடித்து வைத்திருந்த மண்ணை உழுது அவிழ்த்துவிட்டதால், மழை பொய்த்த வருடங்களில் அது காற்றோடு எழுந்து போனது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைத்தாலும் காலையில் தலையணையில் தலை வைத்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும், சுற்றிலும் தூசி. கான்சஸ் முழுக்கவும் இதே கதைதான். நிக்கோடெமஸ் பிள்ளைகள் டென்வருக்கும் டொபீகாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் போனார்கள். 1950 வாக்கில் ஊரில் பதினாறு பேர்தான் மிச்சம்.

அதற்கும் பின்னால் இருந்த காரணம் வறட்சியைவிடப் பெரியது: 160 ஏக்கர் போதாமல் போனது. கென்டக்கியில் மலைப்பாகத் தெரிந்த அந்த அளவு, மழை குறைந்த இந்தச் சமவெளியில், இயந்திரங்கள் வந்த பிறகு, ஒரு குடும்பத்துக்குக் காணாது. பக்கத்து நிலத்தையும் வாங்குகிறவன் நின்றான், வாங்க முடியாதவன் விற்றான். வாங்குவதற்குக் கடன் வேண்டும், அந்த இடத்தில்தான் நிறம் குறுக்கே வந்தது. விவசாயக் கடனில் கறுப்பின விவசாயிகளிடம் அமெரிக்க விவசாயத் துறை பாரபட்சம் காட்டியதாக 1997இல் தொடுக்கப்பட்ட பிக்ஃபோர்ட் வழக்கு, 1999இல் பெரிய இழப்பீட்டு ஒப்பந்தத்தில் முடிந்தது. இது நாடு முழுவதற்குமான வழக்கு. நிக்கோடெமஸ் பக்கத்தில் இன்று கறுப்பினத்தவர் கையில் மிச்சமிருக்கிற நிலம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கிறவர்கள் ரயிலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்க்கலாம்.

ரயிலை ஜெயித்த போக் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அது இன்று இருநூறு பேர்கூட இல்லாத ஊர். தண்டவாளம் கிடைத்த ஊருக்கும் கிடைக்காத ஊருக்கும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் என்னவென்றால் போக்குக்கு வருடா வருடம் ஊர் ஊராகச் சிதறிப்போன பேரப்பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் திரும்பி வருவதில்லை.

நிக்கோடெமஸுக்கு வருகிறார்கள். ஆரம்ப நாட்களிலிருந்தே ஆகஸ்ட் முதல் தேதி அங்கே விடுதலைத் திருநாள். அது பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1834இல் அடிமைகள் விடுவிக்கப்பட்ட நாள். அமெரிக்க விடுதலை நாளுக்குப் பல தேதிகள் இருக்க, இவர்கள் ஏன் இதைப் பிடித்தார்கள் என்றால், அமெரிக்கக் கறுப்பினத்தவர் உள்நாட்டுப் போருக்கு முன்பே கொண்டாடி வந்த நாள் அது. அதோடு இன்னொரு வசதி. கான்சஸில் விதைப்பது குளிர்காலக் கோதுமை, செப்டம்பர் அக்டோபரில் விதைத்து, பனிக்கு அடியில் தூங்கவிட்டு, ஜூன் கடைசி ஜூலை முதலில் அறுப்பார்கள். ஆகஸ்ட் முதல் தேதி என்றால் அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் உடம்பில் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற நேரம். திருவிழா என்றால் அந்த நேரத்தில்தானே வைப்பார்கள். மரத்தோப்பில் கூடாரம், ஆட்டு மாட்டு இறைச்சி சுடுவது, பேஸ்பால், குத்துச்சண்டை, இரவில் ஆட்டம். நிக்கோடெமஸ் ப்ளூஸ் என்று ஊருக்கென்று ஒரு பேஸ்பால் அணியே இருந்தது. இப்போது அது ஜூலை கடைசி வார இறுதிக்கு மாறி, ஊர் திரும்பும் விழா என்று பெயர் பெற்றிருக்கிறது.

வெரில் ஸ்விட்சர் என்று ஒருவர், 1932இல் இந்த ஊரில் பிறந்தவர். கால்பந்தில், அதாவது அமெரிக்கர்கள் கையால் ஆடுகிற அந்தக் கால்பந்தில், 1954இல் கிரீன் பே பாக்கர்ஸ் அணி முதல் சுற்றிலேயே, மொத்தத்தில் நான்காவது ஆளாக, அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்படிப் பேர் வாங்கியவர் பிற்காலத்தில் நிக்கோடெமஸில் நிலம் வாங்கிக் கோதுமை போட்டார். 2022இல் இறந்தார். அந்த நிலத்தில் பெரிய லாபம் வந்திருக்கும் என்று தோன்றவில்லை, லாபத்துக்காக அங்கே நிலம் வாங்குகிறவர்களும் கிடையாது.

1976இல் கிடைத்தது தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற பட்டம்; தேசிய வரலாற்றுத் தலம் என்ற அந்தஸ்து தனியாக 1996 நவம்பரில் வந்தது. அரசாங்கம் தானாகக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை, வெளியூர்களில் வாழ்ந்த வம்சாவளியினர் ஒரு வரலாற்றுச் சங்கம் வைத்து வருடக்கணக்காக மனுப் போட்டு வாங்கியது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, போருக்குப் பிந்தைய அந்தப் புனரமைப்புக் காலத்தில் கறுப்பினத்தவர் நிறுவிய ஊர்களில் இன்றும் குடியிருப்போடு மிஞ்சி நிற்பது இது ஒன்றுதான், அதுதான் உங்கள் முதல் கேள்விக்கான பதில். பாதுகாக்கப்பட்டவை ஐந்து கட்டடங்கள்: பழைய பாப்டிஸ்ட் தேவாலயம், ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் தேவாலயம், ஃப்ளெட்சர் குடும்பத்தின் செயின்ட் ஃபிரான்சிஸ் விடுதி, பள்ளிக்கூடம், 1939இல் அரசு வேலைத்திட்டத்தில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய டவுன்ஷிப் ஹால். பாப்டிஸ்ட் சபை குழி வீட்டில் ஆரம்பித்து, புல்மண்ணுக்கு மாறி, பிறகு கல்லுக்கு மாறியது; இன்று நிற்கிற கட்டடம் 1907இல் எழுந்தது. குழி வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண்ணால் ஆனது மண்ணுக்குள் இறங்கிவிட்டது, மேட்டுச் சரிவுகளில் சில பள்ளங்கள்தான் பாக்கி.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்சஸ் சிட்டியிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரக் காரோட்டம், ஊருக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, வழியில் நிரப்பிக்கொள்ளுங்கள், சாப்பாட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் போனால் அரை மணி நேரத்தில் மொத்த ஊரையும் நடந்து முடித்துவிடலாம், காற்றுச் சத்தம்தான் கேட்கும், "இதற்கா இவ்வளவு தூரம்" என்று தோன்றலாம். ஜூலை கடைசி வார இறுதியில் போனால் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். முடிந்தால் தெற்கே எல்லிஸ் வரைக்கும் ஓட்டிப் போய், அங்கிருந்து திரும்பி நிக்கோடெமஸுக்கு வாருங்கள். வண்டியில் அந்த 35 மைல் இன்று நாற்பது நிமிடம், அவ்வளவுதான்.